27 குழந்தைகள் படிக்கும் பள்ளிக்குச் சதவீதம் எழுதச் சொல்கிறார்கள், எப்படி எழுதுவது?

பழைய பேரேடு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆசிரியர் இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 வருடம் பேரேடு எழுதி, செயலாளராக ஓய்வு பெற்றவன். என் மகள் சவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சின்ன மாற்றுப் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். பேரன், பேத்தி இரண்டு பேரும் அங்கேதான் படிக்கிறார்கள். "சும்மாத்தானே இருக்கீங்கப்பா" என்று மூன்று வருடத்துக்கு முன்னால் பள்ளியின் ரொக்கப் புத்தகத்தை என் தலையில் கட்டினாள். அன்றிலிருந்து சம்பளம், மளிகை, வேனுக்கு டீசல் எல்லாம் என் கையெழுத்தில்தான்.

இப்போது வந்திருக்கும் வேலை வேறு மாதிரி. பள்ளிக்கு வருடா வருடம் ஒரு தொகை கொடுக்கிறவர்கள் இந்த முறை ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். மொத்த மாணவர்கள், போன வருடத்தைவிட எத்தனை சதவீதம் வளர்ச்சி, பெண் குழந்தைகள் எத்தனை சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. எத்தனை சதவீதம், முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள் எத்தனை சதவீதம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் எத்தனை சதவீதம். பள்ளியில் இருப்பது 27 பேர்.

முதலில் எந்தத் தேதிக் கணக்கு என்பதே புரியவில்லை. ஜூனில் 29 பேர் இருந்தார்கள். ஒரு குடும்பம் வேலூருக்குக் குடிபோனதில் இரண்டு குறைந்து இந்த ஆகஸ்டில் 27. பொங்கல் முடிந்ததும் மூன்று பிள்ளைகள் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போவார்கள், அடுத்த ஜூனில்தான் வருவார்கள். அப்போது 24. மூன்றில் எது என் இருப்பு?

அடுத்தது வளர்ச்சி. போன ஆகஸ்டில் 24, இந்த ஆகஸ்டில் 27. எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அந்த மூன்று பேரும் பெங்களூரிலிருந்து வந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். மற்ற வரவும் செலவும் சரிக்குச் சரியாகப் போய்விட்டது. நாளைக்கு அந்த வீட்டுக்காரருக்கு ஊர் பிடிக்காமல் போனால் வளர்ச்சி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். சங்கத்தில் இதை வளர்ச்சி என்று எழுதியிருந்தால் தணிக்கையாளர் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

சாதிக் கட்டத்தில் நகரத்திலிருந்து வந்த குடும்பங்கள் எல்லாம் கோடு போட்டிருக்கிறார்கள். "எங்களுக்கு இல்லை" என்கிறார்கள். இல்லாததை எந்தச் சதவீதத்தில் சேர்ப்பது? முதல் தலைமுறைக் கட்டத்துக்கு ஒரு அம்மா, தாசில்தார் ஆபீஸில் வாங்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கேட்கிறோம் என்று நினைத்து, "மூத்த பையன் பேரில் வாங்கியாச்சு சார்" என்றார்.

எனக்குத் தெரிந்த மாதிரி பிரித்து வைத்திருக்கிறேன்:

சுற்றுக் கிராமங்களிலிருந்து 14 பேர், 8 குடும்பம். (ஊர்த் தெரு 9, காலனி 5.)
ஆசிரியர்களின் பிள்ளைகள் 6 பேர், 4 குடும்பம். (அதில் இரண்டு என் பேரப்பிள்ளைகள்.)
நகரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் 7 பேர், 5 குடும்பம்.

கிராமத்துப் பிள்ளைகள் பாதிக்கு மேல். அதில் எங்கள் ஆசிரியர்களுக்குப் பெருமை. இப்படி எழுதினால் போதுமா? சின்னப் பள்ளி நடத்தியவர்கள், நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

மூங்கில் வேலி

அய்யா, குடும்பக் கணக்கு எழுதியிருக்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. நான் 18 வருடம் ஒரு பள்ளி நடத்தினேன். குடும்பத்தை எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்ற ஆறு வருடம் ஆனது. சின்னப் பள்ளிக்குப் பிள்ளைகள் தனித்தனியாக வருவதில்லை. அக்கா வந்தால் தம்பி வருவான், அக்கா நின்றால் அவனும் நிற்பான். உங்களிடம் இருப்பது 17 வீடு. 27 என்பது அந்த 17-ன் நிழல்தான்.

2001-ல் நான்கு குழந்தைகளோடு தொடங்கினோம். நான்கில் இரண்டு எங்கள் பிள்ளைகள். "சொந்தப் பிள்ளைக்கு டியூஷன் எடுக்க ஒரு டிரஸ்டா" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். 1901 டிசம்பரில் தாகூர் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது அங்கே இருந்ததும் ஐந்து மாணவர்கள்தான், அதில் ஒருவர் அவர் மகன் ரதீந்திரநாத். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு வெட்கம் போய்விட்டது. ஆனால் ஆசிரியர் பிள்ளைகளைத் தனி வரியில் காட்டுங்கள். பல பள்ளிகள் அவர்களை 'உள்ளூர்' கணக்கில் சேர்த்துவிடுகின்றன. வீடு உள்ளூரில்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொடுப்பவர் அந்தச் சொல்லைப் படிக்கும்போது அவர் மனதில் வருவது வேறு பிள்ளை.

ஊர்த் தெரு, காலனி என்று நீங்கள் தனியாக எழுதியதைப் பார்த்துத்தான் இதை எழுத வந்தேன். எங்கள் வேன் முதல் மூன்று வருடம் ஊர்த் தெருவோடு திரும்பிவிடும். காலனிப் பிள்ளைகள் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்து ஏற வேண்டும். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, வேன் திரும்ப அங்கே இடம் இருந்தது, அவ்வளவுதான் என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். நான்காம் வருடம் காலனிக்குள் விட்டோம். அந்த மாதம் ஊர்த் தெருவிலிருந்து ஏழு பேர் நின்றுவிட்டார்கள். காரணம் கேட்டால், "பிள்ளைக்கு வேன் ஒத்துக்கலைங்க, வாந்தி எடுக்குது." ஏழு பிள்ளைக்கும் ஒரே மாதத்தில் வாந்தி! இரண்டு வருடம் கழித்து அதில் நான்கு பேர் திரும்பி வந்து, அதே வேனில், அதே சீட்டில் உட்கார்ந்தார்கள். நாங்களும் எதுவும் கேட்கவில்லை.

2004 ஜூலையில் கும்பகோணம் தீயில் 94 குழந்தைகள் போன பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றார்கள். சரியான உத்தரவுதான். எங்கள் கொட்டகைகளைப் பிரித்து ஓடு போட்டு, தீயணைப்பு, சுகாதாரம், கட்டட உறுதி என்று சான்றிதழ் வாங்கி முடிப்பதற்குள் 33 பேர் 22 ஆகிவிட்டார்கள். அந்த வருடப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? அதனால் எண்ணிக்கை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். சதவீதமே வேண்டாம். "27-ல் 14" என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தில் ஒன்று, இரண்டு என்று எழுதாதீர்கள். 27 பேர் உள்ள பள்ளியில் 'காது கேளாதவர் 1' என்று அச்சில் போட்டால் அது எண் இல்லை, அந்தக் குழந்தையின் பெயர். ஊரில் யார் படித்தாலும் யாரென்று தெரிந்துவிடும். ஐந்துக்குக் கீழே எந்த எண்ணையும் வெளியே கொடுப்பதில்லை என்று நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம்.

இரண்டு ஆசிரியர் பள்ளி

வணக்கம் அய்யா. நான் அரசு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. மாற்றுப் பள்ளி எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் சின்னப் பள்ளி தெரியும். என் பள்ளியில் 19 பேர், நானும் இன்னொரு டீச்சரும். உங்களைவிட எட்டுப் பேர் கம்மி. சிறிய பள்ளி என்றால் ஏதோ தத்துவம் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள், எங்களுக்கு அது வெறும் பிறப்பு விகிதமும் பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளி வேனும்தான்.

தேதிக் கேள்விக்கு என் பதில்: எங்களுக்கு ஆகஸ்ட் 1-ல் எத்தனை பேரோ அதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் செய்வார்கள். மத்திய அரசு பள்ளிகளிடம் கேட்கும் புள்ளிவிவரமான யூடைஸ் படிவத்துக்கு செப்டம்பர் 30. நீங்களும் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு வருடா வருடம் அதையே எழுதுங்கள். அதோடு பிப்ரவரி 1 கணக்கையும் கீழே சேருங்கள். சூளைக்குப் போகும் பிள்ளை அந்த ஒரு வரியில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகஸ்ட் கணக்கில் மட்டும் எண்ணினால் அந்தப் பிள்ளை வருடம் முழுக்க உட்கார்ந்து படித்த மாதிரி இருக்கும்.

சாதிக் கட்டத்தில் கோடு போடுவது அவர்கள் உரிமை. வேண்டாம் என்கிறவர்கள் அந்த இடத்தை நிரப்பாமல் விடலாம் என்று 1973-லேயே அரசாணை உண்டு. ஆனால் ஒன்று கவனித்துப் பாருங்கள். கோடு போட முடிகிறவர் யார்? சான்றிதழ் இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு எதுவும் நின்றுபோகாது என்று தெரிந்தவர். என் பள்ளியில் 19 பேரில் ஒருவரும் கோடு போட்டதில்லை. அதனால் அவர்களை 'சொல்லாதவர்' என்று தனியாக எழுதுங்கள். மீதிப் பேரோடு சேர்த்து வகுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் மூன்று வரியையும் வயது வாரியாகப் பிரித்துப் போடுங்கள். போட்டுவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, இப்போது சொல்ல மாட்டேன்.

பழைய பேரேடு

டீச்சர், நேற்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். இப்படி வருகிறது:

4 முதல் 6 வயது: 9 பேர். கிராமத்துப் பிள்ளைகள் 5.
7 முதல் 10 வயது: 13 பேர். கிராமத்துப் பிள்ளைகள் 8.
11 முதல் 14 வயது: 5 பேர். கிராமத்துப் பிள்ளை 1.

மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரிதான். மொத்தமாகப் பார்த்தால் 27-ல் 14. பத்து வயது வரை 22-ல் 13. அதற்கு மேல் ஐந்தில் ஒன்று. பாதிக்கு மேல் என்று நான் பெருமையாக எழுதியது பாதிப் பள்ளிக்குத்தான் பொருந்துகிறது.

பழைய பதிவேடுகளையும் புரட்டினேன். ஒவ்வொரு ஜூனிலும் ஐந்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக டி.சி. வாங்கியிருக்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் எல்லாருக்கும் 'பெற்றோர் விருப்பம்' என்றுதான் இருக்கிறது. மகளிடம் கேட்டேன். "பெரிய கிளாஸ்ல நாங்க சொல்லிக்கொடுக்கறது அவங்களுக்குப் பிடிக்கலையோ என்னவோ" என்று முகம் வாடிப்போய்ச் சொன்னாள். எங்களுக்கு அங்கீகாரம் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் உள்ளவர்கள் தனித்தேர்வராக எட்டாவது எழுதுவார்கள், பிறகு என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது. இதுதான் உங்கள் சந்தேகமா?

இரண்டு ஆசிரியர் பள்ளி

அதேதான் அய்யா. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், பாடம் பிடிக்காமல் யாரும் போகவில்லை.

கிராமத்து வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றுக்கும் வந்தது. அந்த இடத்தில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2022-லிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-லிருந்து. (இந்த ஆயிரம் ரூபாய் இப்போது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.) எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்திருக்க வேண்டும்.

ஆறு முதல். அந்தச் சொல்தான் உங்கள் பதிவேட்டில் கோடு கிழித்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் பிள்ளை எந்த வயதில் வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் நாங்கள் சேர்த்தே ஆக வேண்டும். டி.சி. தாமதமானாலும் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் எட்டாவதில் வந்து சேர்கிற பிள்ளைக்கு ஆறும் ஏழும் இல்லாமல் போச்சு. அதனால் ஒரு விவசாயக் கூலி, பிள்ளைக்குப் பத்து வயது இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். அவர் சரியாகத்தான் முடிவு செய்கிறார். பெங்களூரிலிருந்து வந்தவருக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. பணம் கட்டிப் படிக்க வைக்க முடியும், கோடு போட்டாரே அந்தத் தெம்புதான் இங்கேயும்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால் அதற்கு முன்னால் உங்களிடம் 13 பேர் இருக்கிறார்கள் என்பதுதான். எங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை காலையில் பொங்கலோ உப்புமாவோ, மதியம் முட்டையோடு சாப்பாடு, சீருடை, புத்தகம், எதற்கும் காசு கிடையாது. அதை விட்டுவிட்டு உங்களிடம் அனுப்புகிறார்கள் என்றால் உங்கள் மகள் ஏதோ நல்லதாகச் செய்கிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. அந்த 13-ல் நாலு பேர் எங்கள் பக்கம் இருந்தால் என் பள்ளியின் இரண்டாவது டீச்சர் பணியிடம் போய்விடுமோ என்று நான் வருடா வருடம் பயப்பட வேண்டாம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

நான் கேட்கப்படாமல் உள்ளே வருகிறேன், மன்னிக்கவும். 'நகரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள்' என்று அய்யா போட்ட வரியில் இருக்கும் ஆள் நான். வேறு பள்ளி, வேறு மாவட்டம், ஆனால் கதை ஒன்றுதான். சென்னையில் இருந்தோம். மகனுக்கு எழுத்துகள் குழம்பும். இரண்டாம் வகுப்பிலேயே தினமும் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். அதனால் கிளம்பினோம். தத்துவம் பேசிக்கொண்டு வந்தவர்கள் என்று எங்களை எல்லாரும் நினைக்கிறார்கள். பாதிப் பேர் ஏதாவது ஒரு பள்ளியிலிருந்து தப்பித்து வந்தவர்கள்தான். அதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

நான் சொல்ல வந்தது பெரிய பிள்ளைகள் பற்றி. அய்யா பள்ளியில் 11 முதல் 14 வரை ஐந்து பேர். எங்கள் பள்ளியில் நான்கு. அதில் என் மகள் ஒருத்திதான் பெண். பன்னிரண்டு வயது. அவளோடு நான்கு வருடம் ஒட்டிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி போன ஜூனில் அரசுப் பள்ளியில் ஆறாவது சேர்ந்துவிட்டாள். இவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லம்மா" என்றாள். ஒரு ஆசிரியருக்கு நான்கு மாணவர் என்று நாம் பெருமையாகச் சொல்வதை உள்ளே உட்கார்ந்து பார்த்தால் இப்படி இருக்கிறது. சாயங்காலம் கபடிக்கு இரண்டு அணி சேராது. கோரஸ் பாட்டுக்கு ஆள் இல்லை. ஆண்டுவிழா நாடகத்தில் என் மகளே ராணி, அவளே சேடி.

அந்தப் பெண் இப்போது சீருடையில் எங்கள் வீட்டு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறாள். என் மகள் இப்போது "நானும் அங்கேயே போறேன்" என்கிறாள். ஏழாவதில் சேர்க்கலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம். 7.5-க்காக இல்லை, கபடிக்காக.

மூங்கில் வேலி

அம்மா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் பள்ளி எப்படி மூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 41 வரை போனோம். பிறகு பெரிய பிள்ளைகள் வகுப்பில் இதே நிலைமை வந்தது. கூட்டம் போட்டுப் பேசி, ஐந்தாவதோடு நிறுத்திக்கொள்வோம், பிள்ளைகளை நாமே கூட்டிப்போய் அரசு நடுநிலைப் பள்ளியில் சேர்ப்போம், சாயங்காலம் அவர்களுக்கு நூலகமும் தச்சுப் பட்டறையும் திறந்து வைப்போம் என்று முடிவு செய்தோம். நல்ல முடிவு. சாயங்காலம் முப்பது பேர் வந்தார்கள். வராத ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள்.

ஆனால் நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். ஆசிரியர்கள் குறைந்த சம்பளத்துக்கு எங்களிடம் இருந்ததே அவர்கள் பிள்ளைகளும் அங்கே படிப்பார்கள் என்பதால்தான். ஆறாவது இல்லை என்றதும் இரண்டு வருடத்தில் மூன்று ஆசிரியர் குடும்பம் கிளம்பிவிட்டது. குற்றம் சொல்ல மாட்டேன், நானே என் சின்ன மகனுக்காகத் திருவண்ணாமலைக்கு வீடு மாற்றினேன். 2019-ல் மூடினோம். பட்டறை மட்டும் சனி, ஞாயிறு இன்னும் நடக்கிறது.

அதனால் அய்யா, உங்கள் மூன்று வரியில் ஆசிரியர் பிள்ளைகள் 6 என்ற வரியைச் சின்ன வரி என்று நினைக்காதீர்கள். அவர்கள் வயதையும் எழுதி வையுங்கள், வெளியே கொடுக்க வேண்டாம், உங்களுக்காக. அது பள்ளியின் ஆயுள் கணக்கு.

பழைய பேரேடு

எல்லாருக்கும் நன்றி. படிவத்தை முடித்து அனுப்பிவிட்டேன். எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவலாம்.

எல்லாக் கட்டத்திலும் சதவீதத்தை அடித்துவிட்டு எண் போட்டேன். ஆகஸ்ட் 1-ல் 27, போன பிப்ரவரி 1-ல் 21, இரண்டும். வளர்ச்சிக் கட்டத்தில் 'ஒரு குடும்பம் வந்தது' என்று எழுதினேன். சாதிக் கட்டத்தில் 'சொல்லாதவர்' என்று ஒரு வரி சேர்த்தேன். மாற்றுத்திறனாளிக் கட்டத்தில் 'ஐந்துக்குள்' என்று மட்டும். வயது வாரிப் பட்டியலைப் பின்னால் இணைத்தேன். இதற்கு ஆசிரியர் கூட்டத்தில் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது. "ஐந்தில் ஒன்று என்று நாமே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்" என்றார் ஒருவர். காட்டாவிட்டால் அடுத்த வருடம் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு வகுப்பறை கட்டக் காசு கொடுப்பார்கள், யாரை உட்கார வைப்பது என்று கேட்டேன். சரி என்றார்கள். மகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இந்தத் திரியை முழுக்கப் படித்தாள். டீச்சர் அவளைப் பற்றி எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்ததாகப் பேத்தி சொன்னாள்.

அந்த ஐந்தில் ஒருவனாக இருக்கும் கிராமத்துப் பையன் ஏன் நிற்கிறான் என்று அவன் அப்பாவிடமே கேட்டேன். பெரிய காரணம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஆறாவது சேர்க்கற நேரத்துல எனக்குக் கால் முறிஞ்சு படுக்கையில கெடந்தேன் சார், யார் கூட்டிட்டுப் போறது" என்றார். பையன் இப்போது பள்ளி மோட்டாரைத் தனியாகப் பிரித்து மாட்டுகிறான்.

இரண்டு ஆசிரியர் பள்ளி

அய்யா, ஒரே ஒரு வேலை பாக்கி. வேலூர் போன இரண்டு பிள்ளைகளை எமிஸில் (பள்ளிப் பிள்ளைகளைப் பதியும் அரசு இணையதளம்), பள்ளி மாறுகிறவர்களுக்கான பொதுத் தொகுப்புக்கு மாற்றினீர்களா? மாற்றாவிட்டால் அங்கே சேர்க்கிற பள்ளி அவர்களை எடுக்க முடியாமல் தடுமாறும்.

அப்புறம், 11 வயதுக்கு மேல் ஐந்து பேருக்கு எமிஸில் பதிவு எங்கே இருக்கிறது? அங்கீகாரம் ஐந்தாவது வரைதான் என்றீர்களே.

பழைய பேரேடு

பார்த்தேன் டீச்சர். வேலூர்ப் பிள்ளைகள் இன்னும் எங்கள் பெயரிலேயே கிடந்தார்கள், இன்றைக்கு மாற்றிவிட்டேன். அதாவது நேற்று வரை அரசுக் கணக்கில் எங்களிடம் 24 பேர்: இருக்கும் 22, இல்லாத 2. பெரியவர்கள் ஐந்து பேரும் அதில் இல்லவே இல்லை.

இரண்டு ஆசிரியர் பள்ளி

அப்படியானால் எங்கள் ஆட்கள் வீடு வீடாகக் கணக்கெடுக்க வரும்போது அந்த ஐந்து பேரும் 'பள்ளி செல்லாக் குழந்தைகள்' பட்டியலில்தான் வருவார்கள். வந்தால் கோபப்படாதீர்கள், அவர்கள் வேலை அது. தேநீர் கொடுத்து உட்கார வைத்துப் பள்ளியைக் காட்டுங்கள்.

பழைய பேரேடு

அந்த ஐந்தில் என் பேரனும் ஒருவன். 31 வருடம் கணக்கெழுதியவன் வீட்டில் கணக்கில் வராத பிள்ளை! சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, அரசாங்கக் கணக்குப்படி நீ பள்ளிக்கூடமே போகாத பையனாம்டா என்று சொன்னேன்.

"அப்போ நாளைக்கு லீவா தாத்தா?" என்றான்.